கேமராவைப் பார்த்தவர்

கவரைப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெரால்டுக்கு ‘சிரிங்க, சிரிங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்து போயிருந்தது. இருபது வருடமாக அதே பாட்டு. பாஸ்போர்ட் சைஸ், ஞானஸ்நானம், மஞ்சள் நீராட்டு, கல்யாணம். கேமராவைக் கண்டதும் நம் ஆட்களுக்கு எங்கிருந்துதான் அந்த விறைப்பு வருமோ, வேலைக்கு இன்டர்வியூ வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். தான் எடுத்த ஆயிரக்கணக்கான முகங்களில் ஒன்றுகூட அந்த ஆளின் சொந்த முகம் இல்லை என்று ஒருநாள் அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் சும்மா இருக்கிற ஆள் இல்லை ஜெரால்ட்.

அன்றிலிருந்து விடியற்காலை லோக்கலைப் பிடித்து, அடுத்த ஸ்டேஷனான கும்மிடிப்பூண்டியில் இறங்கி, சிப்காட்டுக்குள் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனிக்கு எதிரே ஹனீப் பாயின் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தார். அது கம்பெனியின் இரண்டாவது கேட். காண்ட்ராக்ட் ஆட்கள் போய்வரும் வழி. ஆறு மணிக்கு ஒரு கூட்டம் உள்ளே போகும், இன்னொரு கூட்டம் வெளியே வரும். ஒன்றுக்குத் தூக்கம் கலைந்திருக்காது, மற்றதற்குத் தூக்கம் சொக்கும். முகத்தை அலங்காரம் பண்ணிக்கொள்ள யாருக்கும் நேரமில்லாத வேளை அது.

முதல் மூன்று மாதம் ஒரு படம்கூட எடுக்கவில்லை. டீ குடித்தார், பேப்பர் படித்தார், போனார். தினமும் அதே சாம்பல் நிறச் சட்டை. பெஞ்சோடு பெஞ்சாகத் தன்னை எல்லோரும் மறந்துபோன பிறகுதான் கேமராவைக் கழுத்தில் மாட்டினார். சின்னக் கேமரா, வயிற்றின் மேல் தொங்கும், சத்தம் வராது. அதில் பளபளத்த கேமராக் கம்பெனிப் பெயரின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். பெஞ்சிலிருந்து ஆட்கள் நடக்கும் வழி சரியாக எட்டடி. அந்த எட்டடிக்கு முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்துவிடுவார். ஒரு கையில் டீ கிளாஸ் இருக்கும். இன்னொரு கையில் கட்டைவிரல் மட்டும் வேலை செய்யும். கண்ணில் வைத்துப் பார்க்கிற பேச்சே கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்கு மனசாட்சி உண்டு. சாப்பிடுகிறவர்களை எடுக்கமாட்டார். அழுகிறவர்களை, திட்டு வாங்குகிறவர்களை எடுக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தார். எடுக்கும்போது அந்த ஆள் பார்த்துவிட்டால், அங்கேயே, அந்த நிமிடமே, படத்தை அழித்துவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு வடநாட்டுப் பெண் அவர் கேமராவைப் பார்த்துவிட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். பிறகு ஒரு மாதம் லாரிகளுக்கு நடுவே சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தாள். அது ஜெரால்டை உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் பிறந்த விதி அது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்து ஐம்பத்திரண்டு இருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள் ஒருவர் மஞ்சள் பையை ஆட்டிக்கொண்டு வந்தார். புது முகம். கட்டைவிரல் அழுத்திய அதே நொடியில் நேராகக் கேமராவைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. தெரிந்தவர் யாரோ கூப்பிட்டதுபோல் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, பையோடு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு கேட்டுக்குள் போய்விட்டார்.

ஜெரால்ட் திரையில் பார்த்தார். அந்த வருடத்திலேயே அவர் எடுத்த நல்ல படம் அதுதான். விரல் தயங்கத்தான் செய்தது. ஆனால் விதி விதிதானே. அழித்தார். அழித்ததும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு இன்னொரு டீ சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை டீக்கடை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் ஆதார் அட்டை. போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் அதை நீட்டினாள். ஆட்கள் பார்த்தும் பார்க்காமலும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள். பிறகு ஜெரால்டிடம் வந்தாள்.

“ண்ணா, இவரு எங்க ஊட்டுக்காரரு. ராஜமாணிக்கம். முன்ன அத்திப்பட்டுல சாம்பல் லாரில ஓடிக்கினு இருந்தாரு. இங்க சேந்து மூணு நாளுதான் ஆயிருந்துச்சு. செவ்வாக்கெழம காலைல இந்த கேட்டு வழியா உள்ள போனாரு. நீங்க டெய்லி இங்கதான் குந்திகினு இருக்கீங்கன்னு சொன்னாங்க. பாத்தீங்களாண்ணா?”

அட்டையிலிருந்த முகம் முறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதே நெற்றி, அதே காது. ஜெரால்டுக்கு ஆள் தெரிந்துவிட்டது. பார்த்தேன் என்றால் எப்படிப் பார்த்தாய் என்று கேட்பார்கள். கேமரா வெளியே வரும். பக்கத்தில் நான்கு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆயிரம் பேரு போறாங்கம்மா. கவனிக்கலியே” என்றார்.

பிறத்தியாரைக் கவனிப்பதையே தவமாக வைத்திருந்தவர் சொன்ன பதில் இது.

அவள் போனதும் ஹனீப் பாய் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். அவள் பெயர் செண்பகம். செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு உள்ளே கிரேன் சங்கிலி அறுந்து ஓர் ஆளின் மேல் விழுந்ததாகப் பேச்சு. அன்று மத்தியானம் ராஜமாணிக்கத்தின் உடம்பு ஹைவே ஓரம் கிடந்தது. குடித்துவிட்டு ரோட்டைக் கடந்தபோது ஏதோ லாரி அடித்துப் போட்டுவிட்டது, வேலைக்கே வரவில்லை என்று காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அன்புராஜ் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். புது ஆளுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் ரிஜிஸ்டரில் பேர் ஏறும். அதுவரை கேட்டில் தலையைத்தான் எண்ணுவார்கள். ஆள் உள்ளே போனதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

“பாத்தவன் எவனும் வாய தொறக்க மாட்டான் ஜெரால்டு. தொறந்தா நாளைக்கி வேலை இருக்காது” என்றார் பாய்.

ஜெரால்டால் அன்று முழுக்கச் சோறு தின்ன முடியவில்லை. கேமராவின் மெமரி கார்டில் அழித்த படத்தை மீட்க முடியுமா என்று பார்த்தார். புதன்கிழமையே ஒரு ஞானஸ்நான விழாவுக்காக அந்தக் கார்டைச் சுத்தமாகத் துடைத்து, நானூறு படம் அதன்மேல் எடுத்திருந்தார். சென்னையில் தெரிந்த கடைக்குக் கொண்டுபோனார். குழந்தையின் மொட்டைத் தலையும் பாதிரியாரின் கையும்தான் திரும்பி வந்தன.

செவ்வாய்க்கிழமை எடுத்த மற்ற அறுபத்தொரு படங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பெரிதுபடுத்திப் பார்த்தார். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு கையும் மஞ்சள் பையும் தெரிந்தன. பையில் கல்யாணத்துக்கு அடித்த பேரில் ‘மோனிகா’ என்று மட்டும் படிக்க முடிந்தது.

அதை எடுத்துக்கொண்டு செண்பகத்தின் வீட்டுக்குப் போனார். கவனிக்கவில்லை என்று சொன்னது பொய் என்பதை முதலில் சொன்னார். அவள் கோபப்படவில்லை. படத்தை வாங்கி, பையைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது எந்தம்பி கல்யாணப் பை. மோனிகா எந்தம்பி பொண்டாட்டி. காலைல நான்தான் இதுல சோத்து டப்பா வச்சிக் குடுத்தேன்.” பிறகு நிமிர்ந்தாள். “குடிச்சிட்டு ரோட்டுல வியுந்தாருன்னு எழுதிட்டாங்கண்ணா. எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல அதையே கேக்குறாங்களாம். ஞாயித்துக்கெழம குடிப்பாரு, இல்லேங்கல. வேலைக்கிப் போற நாள்ல தொட மாட்டாரு. அவரு உள்ளதான் செத்தாருன்னு ஒருத்தராவது சொல்லணும்.”

“நான் சொல்றேம்மா” என்றார் ஜெரால்ட். மனதார, உறுதியாகத்தான் சொன்னார்.

தொழிலாளர் விசாரணை திருவள்ளூரில் நடந்தது. செண்பகத்துக்காகப் பேச வந்த தொழிற்சங்கத்துக்காரர் சாம்சன், அன்றைய படங்கள் எல்லாவற்றையும் நேரத்தோடு பிரிண்ட் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நேரத்தோடு படம் இருந்தால் சாட்சிக்கு வலு என்பது அவர் கணக்கு. அறுபத்தொரு படங்களும் மேஜையில் பரப்பப்பட்டன. ஜெரால்ட் தான் பார்த்ததைத் தடுமாறாமல் சொன்னார். அதிகாரி கவனமாக எழுதிக்கொண்டார். அன்புராஜ் ஓரமாக உட்கார்ந்து படங்களில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காண்ட்ராக்டரின் வக்கீல் எழுந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

“படமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு சார். யாருமே உங்களைப் பாக்கல. எப்படி எடுக்குறீங்க?”

இத்தனை வருடத்தில் ஜெரால்டிடம் இதை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று மாதக் காத்திருப்பு, எட்டடி, கட்டைவிரல் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப அந்த நேரத்துல கேட்டுக்குள்ள போற ஆள் யாரும் உங்களுக்குத் தப்ப முடியாது?”

“தப்ப முடியாது சார்” என்றார் ஜெரால்ட். சொல்லி முடித்த பிறகுதான் சாம்சன் தலையில் கை வைத்துக்கொண்டதைப் பார்த்தார்.

“நல்லது. இந்த அறுபத்தொரு படத்துல ராஜமாணிக்கம் எங்க இருக்காரு, காட்டுங்க.”

“அவரு படத்தை அழிச்சிட்டேன் சார்.”

“ஏன்?”

“அவரு என்னைப் பாத்துட்டாரு.”

அறையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. ஜெரால்ட் பையைக் காட்டினார். வக்கீல் செண்பகத்தின் பக்கம் திரும்பி, “கல்யாணத்துக்கு எத்தனை பைம்மா அடிச்சீங்க?” என்று கேட்டார்.

“ஐந்நூறு” என்றாள் அவள்.

“இந்தச் சுத்துவட்டாரத்துக்குத்தான குடுத்தீங்க?”

“ஆமா சார்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஜெரால்ட் வாயால் சொன்னதும் பதிவானது. ஆனால் அதன் கீழே, அன்று காலை அந்தக் கேட்டில் உள்ளே சென்றவர்களை வரிசையாக எடுத்த அறுபத்தொரு படங்களில் இறந்தவர் இல்லை என்றும் பதிவானது. அது ஜெரால்ட் கொண்டுவந்து கொடுத்த சாட்சி. காண்ட்ராக்டர் ஒரு சாட்சியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஒரு மாதம் கழித்து, ஆள் வேலைக்கு வந்ததற்கு ஆதாரமில்லை என்று முடித்துவிட்டார்கள்.

அன்புராஜ் விசாரணை நடந்த அன்றே எல்லாப் படங்களையும் செல்போனில் பிடித்துக்கொண்டு போயிருந்தார். ஜெரால்ட் எல்லோரையும் தெரியாமல் படம் பிடிக்கிறார் என்ற செய்தி கம்பெனி கேட்டுக்கு வர ஒரு பொழுதுகூட ஆகவில்லை. மறுநாள் ஜெரால்ட் பெஞ்சில் உட்கார்ந்தபோது, வந்தவர்கள் எல்லாரும் துண்டாலும் கர்சீஃப்பாலும் முகத்தை மூடிக்கொண்டு போனார்கள். கேமராவை அவர் அன்று எடுத்துவரவே இல்லை. அந்த வடநாட்டுப் பெண்ணைப்போல இப்போது நூறு பேர்.

“ஜெரால்டு, நாளையிலருந்து இங்க குந்தாதப்பா” என்றார் ஹனீப் பாய், அவர் முகத்தைப் பார்க்காமல். “யாவாரம் பேஜாராப் போவுது. நீ எம்படத்தையும் எடுத்திருப்பல்ல?”

எடுத்திருந்தார். நிறைய. டீ ஆற்றும்போது எடுத்த படம் ஒன்றை ஒருநாள் அவருக்கே பரிசாகக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தார்.

தீர்ப்பு வந்து ஒரு வாரம் கழித்து செண்பகம் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஆதார் அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

“இத பெருசு பண்ணி ஃபிரேம் போட்டுக் குடுங்கண்ணா. ஊட்ல மாட்ட வேற படம் இல்ல. கல்யாண ஆல்பம் வெள்ளத்துல போயிடுச்சி.”

ஜெரால்ட் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அட்டையை ஸ்கேன் செய்தார். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளிபுள்ளியாக உடைந்தது. உதட்டோரத்தைக் கொஞ்சம் மேலே இழுத்தால் சிரிப்பு வந்துவிடும். கல்யாணப் படங்களுக்கு அவர் எத்தனையோ தடவை செய்த வேலைதான். இழுத்துப் பார்த்தார். யாரோ ஒரு ஆள் திரையில் சிரித்தான். பழையபடியே விட்டுவிட்டார்.

“ண்ணா” என்றாள் செண்பகம். “அன்னிக்கி அவரு மூஞ்சி எப்பிடி இருந்துச்சி?”

“சிரிச்சாரும்மா. வாயெல்லாம் பல்லா. பையோட கையத் தூக்கிக் காட்டினாரு.”

“போட்டோவுல சிரிச்சாரா?” அவள் நம்பாதவள்போல் பார்த்தாள். “கல்யாணத்துல அந்த போட்டோக்காரரு எவ்ளோ கெஞ்சினாரு தெரியுமா. இப்பிடியேதான் மொறச்சிக்கினு நின்னாரு.”

பிரிண்டர் மெல்ல நெற்றியிலிருந்து ஆரம்பித்து முகத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.  எப்படியாவது இவளுக்குப் புரியவைத்துவிட வேண்டும் என்று ஜெரால்டுக்கு இருந்தது.

“பாத்துட்டாருன்னா அவுங்களுக்கு சங்கடமா இருக்கும்மா. அதனாலதான் அழிச்சிடுவேன். யாருக்கும் சங்கடம் வரக் கூடாதுன்னுதான்...”

செண்பகம் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கு இன்னாண்ணா சங்கடம்? சிரிச்சிக்கினு கைய காட்டிட்டுப் போயிருக்காரு. சங்கடம் உங்களுக்குத்தான் இருந்திருக்கு.”

படம் முழுதாக வெளியே வந்தது. அவள் அதை எடுத்து, மை காயட்டும் என்று இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி வைத்துக்கொண்டிருந்தாள்.