தேமல் பட்ட வயல்

அவளுக்கும் அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு. போன வருஷத்திலிருந்து அதைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. கிழங்குக் கிடங்கின் மேஸ்திரிக்கு அவள் ‘தேமல்’. "தேமலக்கா வருது, நல்ல கிழங்கையெல்லாம் ஒளிச்சு வைங்கடா" என்று அவர் எடுத்துக் கொடுத்தால், மூட்டை தூக்குகிறவர்கள் பல்லைக் காட்டுவார்கள். அவர்கள் கிடக்கிறார்கள் வெட்டிப்பயல்கள். அவள் கறுவிக்கொண்டிருந்தது கூடப்பிறந்த அண்ணன் மேல்.

அப்பா விட்டுப்போன நிலத்தின் நடுவே ஒரே ஒரு வரப்பு. இந்தப் பக்கம் அவள் விதைக்கு விற்கிற உருளைக்கிழங்கு போட்டாள், அந்தப் பக்கம் அண்ணன் கறிக்கிழங்கு. போன வருஷம் வரப்போரம் அவன் செடிகளில் இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் விழுந்தது. இலையைத் திருப்பினால் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. நோய்ச்செடியில் உறிஞ்சிய வாயோடு அது பறந்து வந்து நல்ல செடியில் ஒரு குத்துக் குத்தினால் போதும், அந்தச் செடியும் போச்சு.

"அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போகும், அதைப் பிடுங்கிடு" என்று கெஞ்சினாள்.

"செடி கொஞ்சம் சோம்பலா இருக்கு. தண்ணி காட்டினா சரியாயிடும். உன் வேலையைப் பாரு" என்றான் அவன்.

அப்புறம் என்ன, விதை ஆய்வாளர் வந்து அவள் வயலை விதைக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கிடங்கு வாசலில் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் உதட்டைப் பிதுக்கி, "என்ன பண்றது, அவ கை ராசி அப்படி" என்றானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நோயையும் கொடுத்துவிட்டுப் பழியையும் தலையில் கட்டினான், பாவி! அன்றைக்குத்தான் மேஸ்திரி அந்தப் பெயரை வைத்தார்.

இந்த வருஷம் அவள் வயலைச் சுற்றி நெருக்கமாக மக்காச்சோளம் விதைத்தாள். வருகிற பூச்சி முதலில் சோளத்தில் வாய் வைக்கும். வாயில் ஒட்டிய நோய் அங்கேயே கழிந்துபோகும். இலை நனைய எண்ணெய்க் கரைசல் அடித்தாள். தினமும் சால் சாலாக நடந்து, சந்தேகப்பட்ட செடியைக் கிழங்கோடு தோண்டி, பூச்சி உதிராமல் பையில் கட்டிப் புதைத்தாள்.

அண்ணனுக்கும் இந்த முறை விதைக்கிழங்கு ஆசை வந்துவிட்டது. சோளத்துக்கு எதற்கு இடம் என்று வரப்பு வரைக்கும் உருளையே வைத்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் காலையில் அவனே வரப்புக்கு வந்து நின்றான். "ஒரு நடை வந்து பாரேன். எனக்கு இதெல்லாம் பிடிபட மாட்டேங்குது. வீட்டை அடமானம் வெச்சுப் போட்டிருக்கேன்."

போய்ப் பார்த்தாள். மூலையில் விரல்விட்டு எண்ணுகிற அளவு செடிகள், அதே சுருக்கம், அதே மஞ்சள். அன்றைக்கே பிடுங்கினால் வயல் தப்பிவிடும். அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

"செடி கொஞ்சம் சோம்பலா இருக்கு. தண்ணி காட்டினா சரியாயிடும்" என்றாள், எழுத்துப் பிசகாமல்.

தன் வார்த்தை என்றே அவனுக்குத் தெரியவில்லை. "அப்பாடா, வயித்துல பாலை வார்த்தே" என்று போனான். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆய்வாளர் வந்த அன்று மேஸ்திரியும் கூட வந்தார். அண்ணன் வயலில் ஆய்வாளர் பாதி தூரம்கூடப் போகவில்லை. "முழுக்கத் தேமல். இது விதைக்கு ஆகாது."

வரப்பில் நின்றவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இப்போது அவன் தலை குனிய வேண்டும். மேஸ்திரி சிரிக்க வேண்டும்.

அண்ணன் தலை குனியவில்லை. சட்டென்று முன்னால் வந்தான். "சார், நீங்க சரியாப் பாக்கலை. என் தங்கச்சி பாத்து நல்லாருக்குன்னு சொல்லிடுச்சு. அது கண்ணுக்குத் தப்பாது. போன வருஷம் நான்தான் அது பேச்சைக் கேக்காம அது வயலைக் கெடுத்தேன். யோவ் மேஸ்திரி, நீயும் கேட்டுக்க!"

ஒரு வருஷம் கழித்து, அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டான்.

ஆய்வாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களாம்மா பாத்தீங்க?"

இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "நோய்தான். அன்னைக்கே தெரியும்" என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "நீ எனக்குச் சொன்னதைத்தான் உனக்குச் சொன்னேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "நான் தெரியாமச் சொன்னேன். நீ தெரிஞ்சே சொல்லியிருக்கியே" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தான்.

ஆய்வாளர் சோளத்தை விலக்கிக்கொண்டு அவள் வயலுக்குள் போனார், சால் சாலாக நடந்து திரும்பி வந்தார். "ஒரு செடியில்கூடக் குறை இல்லைம்மா. முதல் தர விதை."

மேஸ்திரி செருமிக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லி, பின்னால் ஒரு அம்மாவும் சேர்த்துக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அண்ணன் போன பாதையையே பார்த்தபடி நின்றாள்.