உச்சத்துக்குப் பிறகு தண்ணீர்

…இதெல்லாம் ஒரு கையெழுத்தா, கோழி கிண்டிய குப்பை, எழுதின கையைப் பிடித்து முறுக்க வேண்டும் என்று நினைத்தபடியே கட்டின் கடைசித் தாளை அவள் வெடுக்கென்று இழுத்தாள், ஓரம் கிழிந்தது, கிழியட்டும். ஏழாம் வகுப்பு, மொழிப்பாடம், கடைசிக் கேள்வி, அவளே தயாரித்த கேள்விதான்… சிறுகதை ஒன்று எழுதி அதன் கதைமாந்தர், சிக்கல், உச்சம், முடிவு, கருப்பொருள் ஆகியவற்றைக் குறிப்பிடுக. சிக்கல் இல்லாமல் கதை இல்லை என்று கரும்பலகையில் கதை ஏறி இறங்குவதை மலையாக வரைந்து தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்ததற்குப் பலன், மூன்று நாளாகக் கொலை கொலையாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், ஒருவன் அண்ணனைக் கிணற்றில் தள்ளுகிறான், இன்னொருத்தி பள்ளிக்கூடத்துக்கே தீ வைக்கிறாள், முகத்தைப் பார்த்தால் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது, உள்ளே இவ்வளவு ரத்தம், எங்கிருந்துதான் வருகிறதோ! ஆசிரியர் அறையில் யாருமில்லை, எல்லாரும் கடைசி வகுப்புக்குப் போய்விட்டார்கள், மேசையில் தண்ணீர் பாட்டில், கழுத்து வரை நிறைத்து மூடியை இறுக்கி மகள் வைத்த பாட்டில், தினமும் அவள்தான் நிறைப்பாள், சாயங்காலம் வாசலில் வந்து நின்று முதல் கேள்வியே தண்ணி குடிச்சியாம்மா என்பதுதான், என் பொண்ணுக்கு என் மேல எவ்வளவு அக்கறை பாருங்க என்று இவள் இந்த அறையில் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறாள். மகளும் இதே ஏழாம் வகுப்பில்தான், அடுத்த பிரிவில் படிக்கிறாள், அவள் தாள் பக்கத்துப் பிரிவு டீச்சருக்குப் போகும், பெற்ற பிள்ளை தாளைத் தாயே திருத்தக் கூடாது என்பது இங்கே விதி. யார் தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாதென்று பெயர் எழுதிய மூலையை மடித்து ஒட்டி மேலே எண் போடுகிறார்கள். இந்தத் தாளின் எண் முப்பத்தொன்று.

ஒரு ஊரில் ஒரு தையல்காரி இருந்தாள்… நல்ல வேளை, இதிலாவது பேய் இல்லை… அவள் எல்லாருக்கும் அழகாகத் தைத்துக் கொடுப்பாள், எல்லாரும் அவளை நல்லவள் என்பார்கள், அவளுக்கு ஒரு மகள், மகள் ஒரு பொத்தான் தைக்கவே ரொம்ப நேரமாகும். பரவாயில்லையே, மாந்தரை நான்கே வரியில் நிறுத்திவிட்டதே, ஆனால் எல்லாரும் நல்லவள் என்பார்கள் என்றால் ஆகிவிடுமா, மாந்தரைப் பத்தி ஊர் சொல்றத நம்பாதீங்க, அவங்க என்ன செய்யறாங்கன்னு பாருங்க என்று படித்துப் படித்துச் சொன்னேனே, அதைத்தான் அடுத்த வரியில் செய்திருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளை. தையல்காரி மர அளவுகோலால் அடிப்பாள். தட்டையாக அடித்தால் சத்தம் வரும், அவ்வளவு வலிக்காது. விளிம்பால் அடித்தால் சத்தமே வராது. சிவப்புப் பேனா ஒரு கணம் நின்றது. சே, என்ன வீடோ, யார் பெற்றதோ, இந்த மாதிரி தாயெல்லாம் மனுஷியா, கூப்பிட்டு நாலு அறை விட வேண்டும். அப்புறம் பேனா நகர்ந்தது. அடித்து முடித்ததும் தையல்காரி சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள். 'தேவையற்ற விவரம்' என்று ஓரத்தில் எழுதினாள், தொண்டை வறண்டிருந்தது, இடது கையால் பாட்டிலை எட்டி எடுத்தாள். தண்ணீர் குடித்துவிட்டால் அவள் பழையபடி நல்லவள் ஆகிவிடுவாள், வலிக்குதா கண்ணு என்று கேட்பாள். அதனால் மகள் எப்போதும் தண்ணீரை நிறைத்துப் பக்கத்திலேயே வைத்திருப்பாள்.

பாட்டில் கையில்தான் இருந்தது. மூடி திறக்கவில்லை. இல்லை, இல்லை, எந்த வீட்டில்தான் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், எந்த வீட்டில்தான் கண்ணு என்று கூப்பிட மாட்டார்கள்… இந்த எழுத்து என் மகளுடையது இல்லை, அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், அடித்து அடித்து நான் கொண்டு வந்த எழுத்து… வலது கையால் எழுதினால். அந்தக் கையில்தான் இப்போது கட்டு. ஆள் வைத்து எழுதலாம் என்று தலைமையாசிரியை சொன்னபோது நானே எழுதறேன் என்று பிடிவாதம் பிடித்து, கூடுதலாக அரை மணி நேரம் வாங்கித் தனி அறையில் இடது கையால் எழுதியவள், அந்த ஒற்றைத் தாளை அலுவலகத்தில் எந்தக் கட்டில் செருகினார்கள்? தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, ஒரு பத்தி எழுத முக்கால் மணி நேரமா என்று கேட்டுக்கொண்டே அளவுகோலை எடுத்தது நினைவிருக்கிறது, அதைத் திருப்பிப் பிடித்ததும் நினைவிருக்கிறது, தெரியாமல் பட்டது என்று யாரிடம் சொல்வது, நல்லாத் தெரிந்தேதான் திருப்பினேன். சின்னச் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். சத்தமே வராது என்று எழுதியிருக்கிறாளே, அன்றைக்கு வந்ததே, அவளுக்குக் கேட்கவில்லையா, இல்லை அதற்கும் சேர்த்துத்தான் பொய் சொல்கிறாளா? கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு டாக்டர் என்று இவள் சொல்ல, எந்தக் கதவு என்று அவர் கேட்க, குளியலறைக் கதவு என்று சட்டென்று சொன்னவள் மகள்தான். நான் வாங்காத அடியா, வாங்கித்தானே வளர்ந்தேன், படித்தேன், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்… போதும் நிறுத்துடி, உன் யோக்கியதைக்கு நாலு அறை விடக் கிளம்பினாயே, யாரை?

கதைமாந்தர்: தையல்காரி, நல்லவள். மகள், மெதுவானவள். சிக்கல்: மகள். உச்சம்: விரல். முடிவு: கதவில் மாட்டிக்கொண்டது என்று மருத்துவரிடம் சொல்வது. கருப்பொருளை ஒத்தை வார்த்தைல எழுதாதீங்க, முழு வாக்கியமா எழுதுங்க என்று சொன்னதையும் மறக்கவில்லை. கருப்பொருள்: தண்ணீர் சீக்கிரம் கிடைத்தால் அடி குறையும். பிடி பிடியாகக் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிடலாம் போல வெறி வந்தது, யார் கேட்பார்கள், ஒரு தாள் தொலைவது புதிதா, பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் கை தாளைக் கசக்கவும் தொடங்கியது, இந்தக் கையை முதலில் எதிலாவது வைத்து நசுக்க வேண்டும். மணி அடித்தது. பக்கத்துப் பிரிவு டீச்சர் உள்ளே வந்தாள், "டீச்சர், உங்க பொண்ணு தாள் தவறி உங்க கட்டுல சேர்ந்துடுச்சாமே, குடுங்க, நான் திருத்திடறேன், பாவம், அந்தக் கையோட எழுதியிருக்கா" என்று கையை நீட்டினாள். இவள் உள்ளங்கையைத் தாளின் மேல் விரித்து அழுத்திக்கொண்டாள். கொடுத்தால் நாளைக்கு இந்த அறையே படிக்கும், இந்த வேலையும் இந்த நல்லவள் என்ற பெயரும் போகும். கொடுக்காவிட்டால், அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றை, தாயிடம் போகாது என்று நம்பி எழுதிய ஒன்றை, திரும்பவும் அந்தக் கதவுக்குள்ளேயே தள்ளிப் பூட்டுகிறேன்… அதுதானே, வேறு யாரோ படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துதானே எழுதினாள்? அதற்குத்தானே ஆள் வேண்டாம் என்றாள்?

வாசலில் மகள் வந்து நின்றாள், பை இடது தோளில், கட்டுப் போட்ட கை நெஞ்சோடு. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை, மேசையில் கழுத்து வரை நிறைந்திருந்த பாட்டிலைத்தான் பார்த்தாள், உள்ளே வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கலயாம்மா?"

"பாருங்க டீச்சர், பெத்தா இப்படி ஒரு பொண்ணப் பெக்கணும்" என்று நீட்டிய கையை மடக்காமலே சிரித்தாள் பக்கத்துப் பிரிவு டீச்சர். இவளுக்குத் தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, மூடியைத் திருகினால் போதும், ஒரு வாய் குடித்தால் பிள்ளை உள்ளே வந்துவிடும்… குடித்தால் எந்த அடி முடிந்தது என்று நினைப்பாள், குடிக்காவிட்டால் எந்த அடிக்குப் பயந்து அங்கேயே நிற்பாள், இத்தனை நாள் இந்தக் கேள்விக்கு ஆமாடா கண்ணு என்று சிரித்துக்கொண்டே என்னவென்று பதில் சொல்லியிருக்கிறேன்…