இரண்டாம் நகர்த்தலில் போன சிப்பாய்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வெட்டுப்பட்ட சிப்பாய் ஒன்று வீடு வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

கூடத்தில் கணவனின் உடல் கிடக்க, அவள் அவருடைய சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். எல்லாம் செஸ் கிளப் செயலாளர் செய்த வேலை.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஒரு வெள்ளைச் சிப்பாயைக் காணோம். நாளைக்கும் போட்டி இருக்கு. அண்ணன் கையோட எடுத்திருந்தாருன்னா..."

"ஏன் தம்பி, இங்க உசுரே போயிருக்கு. உங்களுக்கு மரக்கட்டைதான் கவலையா?"

பையில் இரண்டு வாஷர்கள் மட்டும் இருந்தன. ஊரார் வீட்டுக் குழாயை எல்லாம் சரிசெய்தவர். இந்த வீட்டுச் சமையலறைக் குழாய் இப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். டாக்டரிடம் கூப்பிட்டதற்கு, ஆட்டம் முடியட்டும் என்றார். அவருக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றே ஒன்று, கிங்ஸ் கேம்பிட். இரண்டாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயை, வெட்டிக்கொள் என்று எதிராளிக்கு நீட்டுவது. நாற்பது வருஷமாக நீட்டினார். தோற்றுத் தோற்று வீடு வந்தார். இன்று கிளம்பும்போதும் அவள் கேட்டாள்.

"கேக்காமலே ஏன்தான் தூக்கிக் குடுக்கிறீங்களோ!"

"குடுத்தது வேற விதத்துல திரும்பி வரும்டி. இன்னிக்குப் பாரு."

அதுதான் கடைசிப் பேச்சு. நடு ஆட்டத்தில் பலகைமேல் சாய்ந்துவிட்டார். இன்றைக்காவது திரும்பி வந்ததா? அதைச் சொல்லாமலே போய்விட்டாரே என்றுதான் அவளுக்கு எரிச்சல்.

"ஆட்டக் கடிகாரத்துல அவரோட நேரம் ஓடிப்போச்சு அண்ணி. தோல்வின்னுதான் எழுதணும்."

"செத்தும் தோத்தாரா! எந்திரிச்சுப் போங்க தம்பி."

அப்போது வாசலில் ஒருவர் தயங்கி நின்றார்.

"எதிர்ல ஆடினது நான்தாம்மா. பல் டாக்டர்." உள்ளங்கையை விரித்தார். வெள்ளைச் சிப்பாய். "வெட்டினதைக் கையிலயே உருட்டிக்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின அவசரத்துல பையில போட்டிருக்கேன். இப்பத்தான் பாத்தேன்."

"நீங்க ஜெயிச்சுட்டீங்களாமே."

"விதிப்படிம்மா... பலகையில..." என்று முனகிவிட்டுக் குனிந்துகொண்டார்.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். தோற்றவன் முகம் அவளுக்குத் தெரியாதா? அதற்குக் கதவு திறந்துதானே இத்தனை வருஷம் போயிற்று.

செயலாளர் சிப்பாய்க்காகக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையில் ஒரு வாஷரை வைத்தாள்.

"நாளைக்கு இத வெச்சு ஆடுங்க."

சிப்பாயை வாங்கி, மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு கணவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேரட்டும், கண்ணுகளா.