ஐந்தடி அமைதி

நெடுஞ்சாலை ஓரமாக எழுப்பிய சத்தத்தடுப்புச் சுவரின் கடைசிப் பலகையை மாட்டிய திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்தத் தெருவில் லாரி இரைச்சல் அடங்கியது, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் மட்டும். நின்றால் நிம்மதி. உட்கார்ந்தால் நெடுஞ்சாலை முழுதும் காதுக்குள் புகுந்தது. வாசல் பெருக்கக் குனிந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். மதியத்துக்குள் தெரு பழகிக்கொண்டது. செய்தித்தாளை நின்றபடி படித்தார்கள். மனைவி திட்ட ஆரம்பித்தால் கணவன்மார் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சுவர் எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டவளும் அதே தெருக்காரிதான். டெசிபல் என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். கணக்கில், கேட்பவரின் காது எங்கே இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அவள் தொழிலில் எல்லோரையும்போல் அவளும் நிற்கும் ஆளின் காது என்று ஐந்தடி போட்டிருந்தாள். மற்ற சுவர்கள் காற்றையும் தரையையும் பார்த்து நடந்துகொள்ளும். இது அவள் பேச்சை மட்டும் கேட்டு, சொன்ன ஐந்தடியில் மட்டும் சத்தத்தை அடக்கியது.

பக்கத்து வீட்டில் அவள் தங்கை, மூன்று மாதக் குழந்தையோடு. தொட்டில் இரண்டடி உயரம். சுவருக்குப் பிறகும் குழந்தை தூங்காவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவதென்று பெட்டிகளைக் கட்டிவைத்திருந்தாள்.

"தோள்ல போட்டா சொக்குதுக்கா. கீழ விட்டா ஊரைக் கூட்டுது. நின்னுக்கிட்டே தூங்க நான் என்ன குதிரையா?"

"பொறுடி, கணக்கைத் திருத்திப் போடறேன்."

"போட்டியே ஒரு கணக்கு, அது போதாதா?"

டெசிபல் இரண்டடி என்று திருத்திப் போட்டாள். கட்டி முடிந்த சுவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அமைதி இறங்கி வராவிட்டால் காதுதான் ஏறிப் போக வேண்டும் என்று தச்சரைக் கூப்பிட்டாள். அவர் தொட்டிலுக்கு நீளக் கால்கள் வைத்தார். மதியம் அதில் ஏறிய குழந்தை விளக்கேற்றும் நேரம்வரை அசையவில்லை. தங்கை பெட்டிகளை அவிழ்த்தாள்.

அந்த வருடமே எல்லாக் கட்டில்களுக்கும் ஏணி வந்தது. அடுத்த வருடம் நாற்காலிகள் உயர்ந்தன, பூனைகள் அலமாரி மேல் குடியேறின. குழந்தை நடப்பதற்கு முன்பே ஏணி இறங்கக் கற்றது. மூன்றாம் வருடம் அடுத்த தெருவுக்கும் சுவர் என்று முடிவாகி, கணக்கு டெசிபலிடமே வந்தது. இம்முறை தரையிலிருந்து கூரைவரை எல்லா உயரத்துக்கும் காது போடப் போவதாக அவள் சொன்னது வெளியே கசிந்தது. மறுநாள் தச்சர் அவள் வீட்டுக்கு வந்து, தானே செய்த உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"அந்தத் தெருவுக்கு ஏழடின்னு போடுங்கம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், உங்க புண்ணியத்துல நாலு ஏணி கூடுதலா வித்துப் போகும்ல?"