கலங்கி விழுந்த கட்டைவிரல்

"இன்னைக்கும் படம் கலங்கலாத்தான் இருக்கு மேடம். கொஞ்சம் தெளிவா எடுத்து அனுப்புங்க" என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் இரண்டாவது நாளாகப் போனில் சொன்னபோது, அந்தக் கேமராவை ஜன்னல் வழியாக வீசி எறிந்துவிடலாமா என்று இருந்தது. எறியவில்லை. அது இரவல் கேமரா.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பத்து நாளைக்கு முன்னால் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி வலது காலின் கட்டைவிரல் நசுங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து தையல் போட்டு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"விரலுக்கு ரத்த ஓட்டம் திரும்புதான்னு பார்க்கணும். உயிர் இருந்தா விரல் இருக்கும். இல்லைன்னா எடுத்துடணும். செத்த விரலை விட்டுவெச்சா அழுகல் பாதத்துக்கு ஏறிடும்."

அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழுப்பகல் வேண்டும். இந்தக் காலோடு தினமும் அலைய வேண்டாம், காலையில் கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். பிளாஷ் மட்டும் கூடாதாம். நிறம் மாறித் தெரியுமாம்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என் போனில் பேசலாம், மணி பார்க்கலாம், அவ்வளவுதான். அவருடைய போன் சட்டைப்பையிலிருந்து விழுந்து அதே ஜாக்கிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராதவர்களும், வரக் கூடாத இடத்தில் தண்ணீர் வருகிறவர்களும் காலையிலிருந்து மாலைவரை என்னைத் திட்டுவார்கள். அங்கே தண்ணீர் மீட்டர் எண்களைப் படம் பிடித்து வருகிறவர் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரை மீட்டர் என்றே கூப்பிடுவோம். அவர்தான் தன்னிடமிருந்த உபரிக் கேமராவைக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கேமரா. "இதுல எடுத்த நம்பர் ஒண்ணுகூடத் தப்பினதில்லை மேடம்" என்று பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் மாதிரி சொல்லிக் கொடுத்தார்.

தினமும் காலையில் படம் எடுப்பேன். அதிலிருக்கும் கார்டை ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்புவேன். முதல் நாள் படம் கலங்கல். சரி, பழக்கமில்லாத கை என்று விட்டேன்.

"கிட்டத்துல எடுக்கும்போது பூ படம் போட்ட பட்டனை அமுக்கினீங்களா?" என்றார் மீட்டர்.

"பூவா? நான் காலைத்தானே எடுக்கிறேன்?"

"கிட்டத்துப் பொருளுக்கெல்லாம் அந்தப் பூதான் மேடம். அப்புறம், பட்டனை ஒரே அமுக்கா அமுக்கக் கூடாது. பாதி அமுக்கி நிறுத்துங்க. பச்சைக் கட்டம் வரும். வந்ததும் மீதியை அமுக்குங்க."

மறுநாள் பூவை அமுக்கினேன். பாதி அமுக்கிப் பச்சைக் கட்டம் வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் அசங்கக் கூடாதே என்று, சின்னப் பிள்ளைக்கு ஊசி போடும்போது சொல்வதுபோல "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டு எடுத்தேன். அதுவும் கலங்கல்தான். அதற்குத்தான் சிஸ்டரின் அந்த இரண்டாவது போன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. லென்ஸைப் பழைய பனியன் துணியால் துடைத்தேன். பாட்டரியை மாற்றினேன். பால் பாக்கெட்டை எடுத்தேன். அதிலிருக்கும் பொடி எழுத்துகூடத் தெரிந்தது. என் இடது கையை எடுத்தேன், ரேகை எண்ணலாம். சுவர்க் கடிகாரம், மாத்திரை அட்டை, செருப்பு, எல்லாமே பளிச். இவருடைய விரலை எடுத்தால் மட்டும் மேகம் மூடின மாதிரி விழுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு யோசனைகளாகச் சொன்னார்.

"கேமரா பழசும்மா. இரவல் சாமான் வேற எப்படி இருக்கும்?"

"பால் பாக்கெட்டை மட்டும் ஒழுங்கா எடுக்குதே?"

"அப்ப வெளிச்சம்தான் காரணமா இருக்கும்."

"வெளிச்சம் பத்தலைன்னுதான் ஜன்னலைத் திறக்கிறேங்கிறேன். கண்ணு கூசுதுன்னு நீங்கதானே சாத்தச் சொல்றீங்க?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "தப்பா நினைக்காதே. உனக்குக் கை நடுங்குது. நீ தூங்கியே பத்து நாளாச்சு."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு டம்ளரில் தளும்பத் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. விரலைக் காப்பாற்ற அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அந்த அவகாசத்தை நான் நடுங்கி நடுங்கி வீணாக்குகிறேனோ? விரலை நேராகப் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்தின் பழுப்பு எது, தோலின் நிறம் எது என்று நான் எதைக் கண்டேன்?

மூன்றாம் நாள் என் கையையே நம்பவில்லை. ஸ்டூலின்மேல் நான்கு டைரிகளை அடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்துப் படம் எடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கேமராவின் குட்டித் திரையில் பார்த்தால் பழையபடியே கலங்கல். ஆபீஸுக்குப் போனதும் கார்டை மீட்டரின் மேஜையில் போட்டேன்.

"உங்க கேமராவுக்கு என் வீட்டுக்காரர்மேல ஏதோ கோபம் சார். நீங்களே பாருங்க."

மீட்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இந்த ஸ்கேலைப் பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு மில்லிமீட்டர் கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. போர்வையின் நூலைக்கூட எண்ணலாம்.

"கேமரா ஆடினா எல்லாம் சேர்ந்து கலங்கும். கேமரா சரியாத்தான் இருக்கு. உங்க கையும் சரிதான். இருட்டா இருந்தா இது கொஞ்ச நேரம் கண்ணைத் திறந்து வெச்சுத்தான் எடுக்கும். அந்த நேரம் பார்த்து ஆடுறது கால் மட்டும்தான். மூணு நாள் படமும் அப்படியே." கொஞ்சம் தயங்கினார். "வலியில தானா துடிக்குதோ என்னமோ."

வலியில் துடிக்கிற கால் எண்ணி மூன்று சொன்னதும்தான் துடிக்குமா? அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வழியெல்லாம் எனக்குக் குழப்பம்தான். இவருக்கு என்னமோ ஆகிவிட்டதா, இல்லை என்னோடு விளையாடுகிறாரா? விளையாடுகிற விஷயமா இது?

வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போட்டோ எடுக்கும்போது காலை ஆட்டுறீங்களா?"

மழுப்புவார் என்று நினைத்தேன். இவர் என்னவோ ஒத்துக்கொள்ளக் காத்திருந்தவர் மாதிரி, "ஆமா" என்றார்.

"என்ன ஆமா? எதுக்கு?"

"டாக்டர் என்ன சொன்னார்? உயிர் இருந்தா விரல் இருக்கும்னாரா இல்லையா? சும்மா கிடக்கிற விரலைப் போட்டோ எடுத்து அனுப்பினா அதுல உயிர் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" குரலில் உண்மையாகவே ஒரு விளக்கம் சொல்கிற தோரணை இருந்தது. "நின்னுட்டிருக்கிற வண்டியை எடுத்தா பளிச்சுன்னு விழும். ஓடுற வண்டியை எடுத்துப் பாரு, கலங்கித்தான் விழும். டெப்போல எத்தனை படம் பார்த்திருக்கேன்! கலங்கலா விழுந்தா ஓடுதுன்னு அர்த்தம். படிச்ச டாக்டருக்கு இதுகூடவா புரியாது?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது.

"என் கை நடுங்குதுன்னு சொன்னீங்களே! தண்ணி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது தப்புதான்" என்றார்.

கோபம் இருந்தாலும் மனசுக்குள் ஒரு பக்கம் நிம்மதி. ஆட்டினார் என்றால் விரல் ஆடுகிறது. ஆடுகிறது என்றால் உயிர் இருக்கிறது. இந்த மனுஷன் செய்த கூத்திலும் ஒரு நல்லது இருக்கிறதே என்று கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன்.

"எங்க, ஆட்டுங்க பார்ப்போம்."

"இப்ப எதுக்கு?"

"நானும் பார்க்கிறேனே."

ஆட்டினார். பாதம் முழுவதும் இப்படியும் அப்படியும் ஆடியது. கணுக்காலிலிருந்து ஆட்டினார். கட்டைவிரலும் கூடவே போய் வந்தது.

நான் கணுக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இப்ப விரலை மட்டும் ஆட்டுங்க."

நான்கு விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. கட்டைவிரல் அப்படியே இருந்தது. அவருடைய நெற்றியில் வேர்த்துவிட்டது, அவ்வளவு முயன்றார். நான் பிடியை விடவில்லை. விட்டால் மறுபடி ஆட்டுவார் என்று தெரிந்தது.

"எப்பலேருந்து?"

"வீட்டுக்கு வந்த அன்னைக்குக் கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் இல்லை."

"ஏன் சொல்லலை?"

"வலது கால் கட்டைவிரல்மா" என்றார். பிரேக்கும் அந்தக் காலில்தான், ஆக்ஸிலேட்டரும் அந்தக் காலில்தான். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வேறு தொழில் தெரியாது.

எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்தேன். கண் கூசுகிறது என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. ஸ்கேலை வைத்தேன். ஸ்டூலையும் டைரிகளையும் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து, கேமராவை அதன்மேல் வைத்தேன்.

"நான் காலைப் பிடிச்சுக்கிறேன். நீங்க அமுக்குங்க. பாதி அமுக்கி நிறுத்துங்க, பச்சைக் கட்டம் வரும். அப்புறம் மீதி."

அவர் கையை நீட்டினார். பச்சைக் கட்டம் வந்தது. நான் எண்ணவில்லை. அவர் வெகுநேரம் பாதியிலேயே நின்றார். காலைப் பிடித்திருந்த என் கையில் அவருடைய நாடி தட்டுப்பட்டது. பிறகு அமுக்கினார்.

"தெளிவா இருக்கா?" என்றார்.

"இருக்குங்க."

கார்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஆபீஸுக்கு ஓடினேன். அனுப்பி ஒரு மணி நேரத்துக்குள் சிஸ்டர் கூப்பிட்டாள். படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறதாம். டாக்டர் பார்த்துவிட்டாராம். விரலை எடுத்துவிட வேண்டுமாம். பாதத்துக்கு இன்னும் ஏறவில்லையாம், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாதாம். நாளைக் காலை வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஒன்றையும் மறைக்காமல், சிஸ்டர் சொன்ன வரிசையிலேயே அவரிடம் சொன்னேன். அவர் போர்வையை விலக்கிக் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இட்லிப் பானையைக் கழுவ எழுந்தபோது கேட்டார்.

"பிரேக்குக்கு நாலு விரல் போதும்ல?"

நான் என் ஆயுளில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

"தாராளமாப் போதும்ங்க" என்றேன்.