கழுத்துக்கு மேலே

தக்ஷாபென் உள்ளே வந்தபோது ஜாக்ருதி மடித்து வைத்து எடுத்த இருநூற்றுப் பதினாறு புடவைப் படங்களைக் கம்ப்யூட்டரில் சின்னதாக்க விட்டுவிட்டு, திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூரத் ரிங் ரோட்டில் துணிச்சந்தைக் கட்டடம், நான்காவது மாடி. தக்ஷாபென் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தாள். இந்தக் கடைக்கு யாரும் அப்படிச் செருப்பைக் கழற்றியதில்லை. அவள் மகள் ஹிரல் டெங்குவில் போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"நாளைக்குப் பெஸ்ணா வச்சிருக்கோம், திக்ரா. சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. துக்கம் கேக்க வர்றவங்க முன்னால வைக்க ஒரு போட்டோ வேணும்."

இந்தக் கேள்வி வரும் என்று ஜாக்ருதிக்குத் தெரியும். மூன்று நாளாக அதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"அவ போன்ல இல்லியா, மாசி?" சித்தி முறை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவாள்.

"ஆயிரம் இருக்கும். அவ மூஞ்சியக் காட்டுனாத்தான் அது திறக்குது. ரிப்பேர் கடைக்காரன் திறந்து தர்றேங்கிறான், ஆனா உள்ள எல்லாம் அழிஞ்சிருமாம்." தக்ஷாபென் முந்தானையை விரலில் சுற்றினாள். "ஆஸ்பத்திரியில அவ கண்ணு திறந்திருக்கும்போதே காட்டியிருக்கலாம். எனக்குத் தோணல. ஆதார் கார்டுல இருக்கிறது யாரோ மாதிரி இருக்கு, அவளே பாத்துப் பாத்துச் சிரிப்பா. நீங்கதான் ரெண்டு வருஷமா தினமும் எடுத்தீங்களே. நல்லதா ஒண்ணு குடு."

ரெண்டு வருஷம் உண்மைதான். ஹிரல் காலை பத்து மணிக்கு வருவாள், படத்துக்காக ஒரு நாளைக்கு நாற்பது புடவை கட்டுவாள். முதலாளி கமலேஷ்பாய்க்கு ஒரு கொள்கை உண்டு. மூஞ்சி தெரிந்தால் வாங்குகிறவள் மூஞ்சியைத்தான் பார்ப்பாள், புடவையைப் பார்க்க மாட்டாள் என்பார். ஒரே பெண்ணை வைத்துக் கடை முழுக்க ஓட்டுகிறார்கள் என்பதும் வெளியே தெரியக் கூடாது. ஆகவே முழுசாக எடுத்து, கழுத்தோடு வெட்டி, சின்னதாக்கி, கடையின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அது ஜாக்ருதியின் வேலை. "ஜாகுபென், இன்னிக்கு எத்தன தலை?" என்று சாயங்காலம் ஹிரல் கேட்பாள். "நூத்தி எண்பது" என்பாள் இவள். "அடுத்த ஜென்மத்துல உங்களுக்குக் கழுத்தே இருக்காது பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள்.

ஒரு நாள், கடுகு மஞ்சளில் முடிச்சுச் சாயம் போட்ட பந்தேஜ் புடவையில், ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது தானாக விழுந்துவிட்ட படம். ஹிரல் ஜாக்ருதியின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். "இது ஒண்ண மட்டும் தலையோட குடுங்க, ஜாகுபென்." அனுப்ப ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். "பெருசு இங்கதான இருக்கு, எங்க ஓடிப்போகுது? அப்புறம் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாள் ஜாக்ருதி. அதற்குப் பிறகு இரண்டு முறை கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று.

தீபாவளி விற்பனைக்கு முன்னால் கமலேஷ்பாய் ஒரே கத்தல். பக்கம் திறக்கப் பதினோரு செகண்ட் ஆகிறது, அதற்குள் வாங்க வந்தவள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறாள் என்று. முப்பத்தெட்டாயிரம் படங்களையும் ஒரே ஓட்டத்தில் வெட்டி இளைக்க வைக்க உட்கார்ந்தாள் ஜாக்ருதி. எப்போதும் சின்னப் படங்களுக்குத் தனி ஃபோல்டர் போடுவாள். அன்றைக்கு அவசரத்தில் போடவில்லை. பழைய படத்தின் மேலேயே எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். மறுநாள் பக்கம் இரண்டே செகண்டில் திறந்தது. கமலேஷ்பாய் எல்லோருக்கும் லோச்சோ பலகாரம் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே ஹிரல் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனாள்; அதற்குப் பிறகு அவளைப் படம் எடுக்கவே இல்லை.

அழிந்ததைத் தேடிக் கொடுக்கும் மென்பொருளை ஹிரல் போன அன்றே ஓட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு நெற்றி வந்தது, பாதி. அதற்குக் கீழே சாம்பல் பட்டை.

பொய் சொல்லலாம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றால் தக்ஷாபென் நம்பிவிடுவாள். ஜாக்ருதி வாயைத் திறப்பதற்குள் தக்ஷாபென் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். வரிசை வரிசையாகப் புடவைகள் நின்றன.

"இதுக்கு மேல எங்க?"

"வெட்டிட்டேன், மாசி."

"பெருசு?"

"அதுவும் போச்சு. தெரியாம அதுமேலயே எழுதிட்டேன். அவ எங்கிட்டக் கேட்டா. மூணு தடவ கேட்டா, மாசி."

திட்டியிருந்தால் ஜாக்ருதி பிழைத்திருப்பாள். தக்ஷாபென் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கீழ தள்ளு" என்றாள். ஜாக்ருதி தள்ளினாள். அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். மணிக்கட்டில் ரொட்லி சுட்டபோது பட்ட வடு. சுண்டு விரலில் கடித்த நகம். "எத்தன தடவ சொல்லிருக்கேன் கடிக்காதேன்னு" என்று தக்ஷாபென் அந்த நகத்திடம் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பூத்தையல் ரவிக்கையின் கை தெரிவதற்காகக் கும்பிடு போட வைத்து எடுத்த படம் ஒன்று வந்தது. மோவாயின் அடி மட்டும் தெரிந்தது.

"இத அச்சடிச்சுக் குடு."

"மூஞ்சி இல்லாம எப்படி, மாசி? வர்றவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஆதார்ல இருக்கிறது எவளோ. இது அவ கை."

போட்டோச் சட்டத்துக்கு ஏற்ற அளவில் பெரிசாக்கிப் பார்த்தாள் ஜாக்ருதி. விரல்கள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இளைத்த படம் பிறகு எத்தனை இழுத்தாலும் தேறாது. அது அவளைவிட யாருக்குத் தெரியும். கடைசியில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் அச்சடித்துக் கொடுக்க முடிந்தது.

மறுநாள் சமூகக் கூடத்தில் எல்லோரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். பெரிய சட்டத்தின் நடுவே வெள்ளைக் காகிதம், அதன் நடுவில் அந்தச் சின்னப் படம், சுற்றி மல்லிகை மாலை. வரிசையில் வந்தவர்கள் பூ போட்டார்கள். போட்டுவிட்டு எல்லோரும் ஒன்றையே செய்தார்கள்: தலையைத் தூக்கி முகத்தைத் தேடினார்கள். படம் முடிந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, சுவரோரம் உட்கார்ந்திருந்த தக்ஷாபென்னைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

ஜாக்ருதியின் முறை வந்தது. கை கூப்பினாள். எதிரே ஹிரலும் கூப்பிக்கொண்டிருந்தாள். ஜாக்ருதியின் பார்வை அந்த விரல்களிலிருந்து ஏறி, பூத்தையல் கையைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, மோவாயின் வளைவுக்கு வந்தது. அதற்கு மேல் வெள்ளைக் காகிதம். கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது.