பதினோரு நாள் மடை

பாகூர் ஏரியின் கீழ்வாய்க்காலில் நான்கு மடைகள். ஒன்றின் பலகையை இரண்டு நாளுக்கொரு முறை தூக்குவார்கள். மற்றவை மூன்றுக்கு, ஐந்துக்கு, ஏழுக்கு ஒரு முறை. தண்ணீர் வற்றிய காலத்திலும் முறை தவறாமல் பலகை ஏறி இறங்கும். இருநூற்றுப் பத்து நாளுக்கொரு தடவை நான்கும் ஒன்றாக ஏறும். அன்று, எந்த மடைக்கு எத்தனை நாள் என்று வகுக்கும் முறைக்காரர் உத்திராபதிக்கு மாலை போடுவார்கள்.

1955-இல் அப்படியொரு நாளில்தான், அவர் மகள் அமுதம், 'மேரி' என்கிற பிரெஞ்சுக்காலத்து நகராட்சி ஆபீசில் கையெழுத்துப் போட்டுத் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்ட செய்தி வந்தது. ஊர் முன்னால் உத்திராபதி சொன்னார்: "இனிமே எல்லா மடையும் ஒண்ணா தொறக்கிற அன்னிக்குத்தான் அவ மூஞ்சில முழிப்பேன்."

ஏழு மாதத் தண்டனை போதும் என்பது அவர் மனக்கணக்கு.

அன்றைக்கே சுப்புராயன், புதிதாகத் திருத்திய நிலத்துக்கு ஐந்தாவது மடை கேட்டான், பத்து நாளுக்கொரு முறை. கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டால் முறைக்காரன் எதற்கு? "பதினொண்ணு. இன்னியிலேர்ந்து" என்றார்.

இருநூற்றுப் பத்தாம் நாள் வெளுத்த வேட்டியோடு கரையில் நின்றார். எதிர்க்கரையில் அமுதம் ஆறு மாத வயிற்றோடு வந்து நிற்பதாகச் சொன்னார்கள். அவர் தலை நிமிரவில்லை. கடைசிப் பலகையும் ஏறட்டும்.

நான்கு ஏறின. ஐந்தாவது அசையவில்லை.

"அத்தயும் தூக்குடா பக்கிரி."

"அது நேத்தே ஏறி எறங்கிடுச்சிங்க அய்யா. நேத்துதான் அதோட மொற" என்றான் மடைக்காரன்.

"அப்போ ஒண்ணா தொறக்கிறது? பதினோரு நாள் தள்ளியா?"

பக்கிரி குச்சியால் மண்ணில் கோடு கிழித்தான். "இருநூத்திப் பத்து, பதினோரு தடவ வரணும். நீங்க சொன்ன நாள்லேர்ந்து ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்து நாளு. ஆறு வருசத்துக்கு மேல."

"இன்னாடா சொல்ற?"

"பத்துன்னு வுட்டிருந்தா இன்னிக்கே தொறந்திருக்கும். பத்து, ரெண்டுக்கும் அஞ்சுக்கும் பொறந்தது. அதுங்க சேந்து வந்தா இதுவும் வந்துடும். பதினொண்ணு யாருக்கும் பொறக்கலிங்க."

"இப்பவும் பத்துன்னு மாத்திக்குங்க மாமா, நானா வாணாங்கப்போறேன்?" என்றான் சுப்புராயன். யாரோ சிரித்தார்கள்.

நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் கொடுத்த முறையைத் திருத்தியவர் இல்லை. சொன்ன சொல்லைத் தின்றவரும் இல்லை.

"எம் புள்ள பள்ளிக்கூடம் போயிடும்பா" என்றது எதிர்க்கரைக் குரல்.

உத்திராபதி மூடிய பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கிரி, அந்தப் பொண்ண நெழலுக்குப் போவச் சொல்லு."

பக்கிரி உரக்கச் சொன்னான். அவள் போகவில்லை.

ஏறிய பலகைகள் அந்தியில் இறங்கும்வரை முறைக்காரர் கரையைவிட்டு நகரக்கூடாது. பொழுது சாய இன்னும் வெகுநேரம் இருந்தது.